பலிபீடத்தின் மேல் புழுதிப் பாதங்கள்



ஆலயத்தினுள் நுழையுமுன் நாம் காலணிகளைக் கழற்றி வைக்கிறோம். தூயவர் முன்னிலையில் தூய்மையோடு நிற்கவேண்டும் என்னும் அவ்வுணர்வு நல்லதே. எரியும் முட்செடியின் முன் மோசே பெற்ற கட்டளையும் அதுவே. ஆனால், பலிபீடத்தின் மேலே, குருவானவர் நற்கருணையை உயர்த்தும் இடத்துக்கு அருகிலேயே, அழுக்கேறிய இரு உள்ளங்கால்களை ஓர் ஓவியர் வரைந்து வைத்தால் நாம் என்ன சொல்வோம்?

உரோமை நகரின் புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் அத்தகைய ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1602ஆம் ஆண்டு இறந்த எர்மெத்தே கவலெத்தி என்பவர் விட்டுச்சென்ற பணத்தில் அமைந்த சிற்றாலயத்துக்கென, கரவாஜியோ என்னும் ஓவியர் 1604க்கும் 1606க்கும் இடையில் தீட்டிய 'லொரேற்றோ அன்னை' என்பதே அது.

நாசரேத்தூரில் அன்னை மரியாள் வாழ்ந்த இல்லத்தை வானதூதர்கள் சுமந்து வந்து இத்தாலியின் லொரேற்றோவில் வைத்தனர் என்பது பக்தி மரபு. எனவே, வானதூதர் தாங்கிச் செல்லும் வீட்டின் கூரைமீது அன்னை திருக்குழந்தையோடு வீற்றிருப்பதாக வரைவதே வழக்கம். கரவாஜியோவோ வானத்தை விட்டு வாசற்படிக்கு வந்தார். அவரது ஓவியத்தில் சுவரின் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறு, வெறுங்காலோடு வாசலில் நிற்கிறார் அன்னை. தலைமேல் மெல்லிய ஒளிவட்டம் இல்லையேல், அயல்வீட்டுத் தாய் என்றே எண்ணியிருப்போம். அவர் முன் கைகூப்பி முழந்தாளிடுகின்றனர் இரு வறிய யாத்திரிகர்: கிழிந்த முக்காட்டுடன் ஒரு முதிய பெண், நம்மை நோக்கி அழுக்கேறிய பாதங்களைக் காட்டியபடி ஓர் ஆண். அன்னையின் முகத்தில் படும் அதே ஒளி அப்பாதங்களிலும் விழுகிறது.

பரோக் காலச் சமய ஓவியத்தின் உள்ளம் இதுவே. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டு டிசெம்பரில், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் அவை குறிக்கும் புனிதர்களையே சேரும் எனவும், அவை மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கவேண்டும் எனவும் எடுத்துரைத்தது. எழுத்தறியாதவரும் உணரும்படி, ஆழ்ந்த இருளும் கூரிய ஒளியும் கொண்டு மறைபொருளைக் கண்முன் நிறுத்த அக்கால ஓவியர் முயன்றனர்.

எனினும் எல்லாரும் இதை ஏற்கவில்லை. கரவாஜியோவோடு பகைமை கொண்டிருந்த ஓவியர் பல்யோனே, 1642இல் வெளியான தமது நூலில், அந்தப் பாதங்களையும் முக்காட்டையும் பற்றி மக்கள் பெரும் ஆரவாரம் செய்தனர் என்று எழுதினார். அது வெறுப்பின் ஆரவாரமா, வியப்பின் ஆரவாரமா என அறிஞர் இன்றும் விவாதிக்கின்றனர். தங்களைப் போன்ற ஒருவரைப் பலிபீடத்தின் மேல் கண்ட ஏழைகளின் மகிழ்ச்சியும் அதில் ஒலித்திருக்கலாம்.

அன்பர்களே, அப்பாதங்களில் படிந்திருப்பது நடந்துவந்த பாதையின் மண். யாத்திரை சென்ற எவரும் அதை அறிவர். அன்னையும் குழந்தையும் அதைக் கண்டு முகம் திருப்பவில்லை. வாசல்வரை வந்து குனிந்து நோக்குகின்றனர். அக்குழந்தையே வளர்ந்து, இறுதி இராவுணவின்போது சீடரின் பாதங்களைக் கழுவினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாழ்க்கை சீரான பின் ஆலயம் செல்வேன், மனம் தூய்மையான பின் செபிப்பேன் என்று தள்ளிப்போடுவோர் நம் குடும்பங்களிலும் உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகக் கூசி, ஆண்டுக்கணக்கில் விலகி நிற்போரும் உண்டு. இவ்வோவியத்தைத் தீட்டியவரும் தூயவரல்லர்; 1606இல் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டு உரோமையைவிட்டு ஓடியவர். ஆயினும் அவர் திறந்து வைத்த வாசல் இன்றும் மூடப்படவில்லை.

புழுதி படிந்த பாதங்களோடே வாருங்கள். அதைக் கழுவுபவர் உள்ளே இருக்கிறார்.