கானில் ஓடும் காஸ்



வடித்த கஞ்சி, மீன் கழுவிய தண்ணீர், மிஞ்சிய சோறு எல்லாம் எங்கே போகுது? குசினிக்குப் பின்னால் இருக்கிற கானுக்குத்தான். நுளம்பும் நாற்றமும் நமக்கு மிச்சம். 2022 இல் காஸ் சிலிண்டருக்காகக் கியூவில் காய்ந்தோமே, அன்றும் எரிக்கக்கூடிய காஸை நாமே கானில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

எப்படி என்கிறீர்களா? காற்றுப் படாமல் மூடிய தொட்டியில் இந்தக் கழிவைப் போட்டால் பற்றீரியாக்கள் அதைத் தின்று மெதேன் வாயுவை வெளிவிடும். இப்படிக் கிடைக்கும் வாயு ஒரு கன மீற்றர், சுமார் 0.6 லீற்றர் மண்ணெண்ணெய்க்குச் சமம்.

ஆனால் இந்தப் பற்றீரியாக்கள் மெதுவாகத்தான் பெருகும். தண்ணீர் வேகமாக ஓடினால் அவையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெரிய தொட்டி கட்டி, நாள் கணக்கில் கழிவை வைத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குக் கண்ட வழிதான் மென்சவ்வு. அதன் துளைகள் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியவை. தேங்காய்ப் பால் பிழியும் துணி போல, தெளிந்த தண்ணீரை வெளியே விட்டு பற்றீரியாவை உள்ளே நிறுத்திக்கொள்ளும். சின்னத் தொட்டியே போதும்.

நம் வயல்களில் ஓடும் குபோட்டா இயந்திரத்தைச் செய்யும் ஜப்பான் கம்பனிதான், அங்கே சோச்சு என்ற மது வடிக்கும் சாலைகளின் கழிவுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. குளிர் நாட்டில் தொட்டியைச் சூடாக்கச் செலவாகும். கந்தளாய் வெயிலில் அந்தச் செலவு குறைவு.

குறையும் உண்டு. சவ்வு அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவ வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும், விலையும் அதிகம். வெளிவரும் தண்ணீரில் நைதரசனும் பொசுபரசும் தங்கியிருப்பதால் பயிருக்கு நல்லது, குடிக்க உதவாது.

ஆகவே வீட்டுக்குச் சாதாரண சாண எரிவாயுத் தொட்டியே போதும். அதில் டெற்றோல், சவர்க்காரத் தண்ணீர் ஊற்றாதீர்கள், பற்றீரியா செத்துவிடும். அடைப்பு எடுக்க என்று யாரும் தொட்டிக்குள் இறங்கவே கூடாது. உள்ளே இருக்கும் நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

மென்சவ்வு தொழிற்சாலைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் உரியது. 1990களில் மூடப்பட்ட நம்ம சீனி ஆலை போல இனி எந்த ஆலை இங்கே வந்தாலும், "வேலை எத்தனை பேருக்கு?" என்று கேட்பதோடு, "கழிவுத் தண்ணீர் எங்கே போகும்?" என்றும் கேட்போம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைத்தான் திருகோணமலை நகரமும் குடிக்கிறது.