முதியோர் தம் வேலையைத் தாமே செய்ய: ஆக்குபேஷனல் தெரபி பற்றி அறிந்துகொள்வோம்

பக்கவாதம் வந்த வாப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறார். உயிர் பிழைத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அன்றிலிருந்து வீடே அவரைத் தாங்குகிறது. மகன் சட்டை மாட்டிவிடுகிறார், உம்மா சோறு ஊட்டுகிறார், தண்ணீர் கட்டிலுக்கே வருகிறது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், வந்த அன்று தானாக எழுந்து உட்கார்ந்தவர் இப்போது தூக்கிவிட ஆள் தேடுகிறார். நம் வீடுகள் பலவற்றில் பார்க்கும் காட்சி இது. பாசத்தில் குறையில்லை. ஆனால் வேலை கொடுக்காத கையும் காலும் இருக்கிற பலத்தையும் இழந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் உதவுவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் செயல்முறை சிகிச்சை என்பார்கள். பிசியோதெரபி கை கால்களின் அசைவையும் பலத்தையும் மீட்க முயல்கிறது. ஆக்குபேஷனல் தெரபியோ, இருக்கிற பலத்தை வைத்துக் குளிப்பது, உடுப்பது, உண்பது, தொழுவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறது. இரண்டும் தேவைப்படும். நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளி 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. ஆனாலும் நம்மில் பலர் இதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

இந்தச் சிகிச்சையாளர் முதலில் கேட்பது, "எந்த வேலையை நீங்களே செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்பதுதான். பதிலுக்கு ஏற்பத்தான் பயிற்சி.

உடுப்பதை எடுத்துக்கொள்வோம். சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒன்று தெரிந்தால் பலர் தாமே உடுத்திக்கொள்வார்கள். வலது கை பிடிக்காததால் பிறர் முன் உண்ணக் கூச்சப்படும் பெரியவருக்கு, தடித்த பிடியுள்ள கரண்டியும், தட்டு நகராமல் அடியில் ஒரு ரப்பர் விரிப்பும் கொடுத்துப் பாருங்கள். வலது கையால் அறவே இயலாதவர் இடது கையால் உண்பதில் தவறில்லை என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வீடு. குளியலறைதான் வழுக்கி விழ அதிக வாய்ப்புள்ள இடம். டவல் கம்பி ஆளின் எடையைத் தாங்காது; கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் அருகே சுவரில் உறுதியான கைப்பிடிகளைப் பொருத்த வேண்டும். ஒளு செய்யும்போது ஒற்றைக் காலில் நின்று மறு காலைக் கழுவுவது ஆபத்து. ஆடாத முக்காலியில் உட்கார்ந்து, கைக்கெட்டும் குழாயில் கழுவலாம். பஜ்ருக்கு எழுபவருக்குக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு வேண்டும். வழியில் நழுவும் மிதியடி கூடாது. கைலியும் தரையைத் தொடக் கூடாது.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்ற சலுகை மார்க்கத்தில் உண்டு. ஆனால் வளையும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கைப்பிடியுள்ள, பாதம் தரையில் முழுதாகப் படியும் உயரமுள்ள நாற்காலியே நல்லது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை செய்தவர் எவ்வளவு குனியலாம், எந்த உயரத்தில் உட்காரலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மறதி நோய் உள்ளவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒழுங்கு, அலமாரிக் கதவில் படம், ஒரு நேரத்தில் ஒரு வேலை. காலமெல்லாம் சமையலறையை ஆண்ட உம்மாவுக்குப் பூண்டு உரிக்கக் கொடுங்கள். பாதி தோல் மிச்சமிருந்தால் பரவாயில்லை. தான் இந்த வீட்டுக்கு இன்னும் தேவை என்ற எண்ணம் அவருக்கு வேண்டும்.

இதற்கு எங்கே போவது? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "ஆக்குபேஷனல் தெரபி தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதற்கான துறை இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். சிகிச்சையாளரின் படிப்புத் தகுதியைக் கேட்பதில் தவறில்லை. இத்துறை உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்த 2021இல் சட்டமே வந்துள்ளது. 60 வயது கடந்த வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி போன்றவற்றை இலவசமாக வழங்க மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது.

இத்தனைக்கும் மேல் நம்மிடம் வேண்டியது பொறுமை. நாம் ஒரு நிமிடத்தில் மாட்டிவிடும் சட்டையை வாப்பா பத்து நிமிடம் போடுவார். அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் இருப்போம், கைநீட்டாமல். கடைசிப் பொத்தான் மாட்டவில்லை என்றால், அதை மட்டும் நாம் மாட்டிவிடுவோம்.