இங்கிலாந்தின் டியூஷன் மானியம்: மீதி 40 சதவீதத்தை யார் போடுவது?

கொரோனா சமயத்தில் இங்கிலாந்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி இரண்டு முறை மூடப்பட்டது. 2020 மார்ச்சில் ஒரு தடவை, 2021 ஜனவரியிலிருந்து மார்ச் 8 வரை இன்னொரு தடவை. லேப்டாப், தனி அறை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரமுள்ள அப்பா அம்மா என்று இருந்த பிள்ளைகள் ஓரளவு சமாளித்துவிட்டார்கள். மற்றவர்கள் பின்தங்கிப் போனார்கள்.

விட்ட படிப்பைப் பிடிக்க அரசு ஒதுக்கிய பணம், எல்லாத் திட்டங்களையும் கூட்டினால், ஏறக்குறைய 500 கோடி பவுண்டு. ஆனாலும் ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடத்தான் செய்தது. தொகை போதவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, அந்தப் பணத்தைப் பங்கிட்ட ஃபார்முலா. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில், "ஏழைப் பிள்ளை" யார் என்று அரசு எப்படி முடிவு செய்கிறது? கடந்த ஆறு வருஷத்தில் எப்போதாவது, குடும்ப வருமானம் குறைவு என்பதால் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால் போதும். அந்தப் பிள்ளை பெயரில் பள்ளிக்குக் கூடுதல் பணம் வரும். இதற்குப் பெயர் பியூப்பில் பிரீமியம். 2011-லிருந்து இருக்கிறது. 2022-23ல் தொடக்கப் பள்ளி என்றால் ஒரு பிள்ளைக்கு 1,385 பவுண்டு, உயர்நிலைப் பள்ளி என்றால் 985 பவுண்டு.

ஆக, யாருக்கு உதவி தேவை என்ற பட்டியல் அரசின் கையில் ஏற்கெனவே இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஜூனில் முதல் 100 கோடி பவுண்டு அறிவிப்பு வந்தது. அதில் 65 கோடி எல்லாப் பள்ளிகளுக்கும், தலைக்கு 80 பவுண்டு என்ற கணக்கில். 1,000 பேர் படிக்கும் பள்ளிக்கு 80,000 பவுண்டு. அந்த 1,000 பேரில் 50 பேர் ஏழைகள் என்றாலும் அதே தொகை, 500 பேர் என்றாலும் அதே தொகை. பட்டியல் இருந்தும் இந்தப் பங்கீட்டில் அதைத் தொடவே இல்லை.

மீதி 35 கோடி டியூஷனுக்கு. தேசிய டியூஷன் திட்டம் என்று பெயர். யோசனை நல்ல யோசனைதான். ஒரு ஆசிரியர், அதிகபட்சம் மூன்று பிள்ளைகள், 15 மணி நேரம். சின்னக் குழுவில் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரங்கள் நிறைய உண்டு. ஆனால் எந்தப் பிள்ளையை அனுப்புவது என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். 2021 பிப்ரவரி வரை டியூஷன் தொடங்கியிருந்த 41,100 பேரில் பியூப்பில் பிரீமியம் பட்டியலில் இருந்தவர்கள் 44 சதவீதம்தான் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. இரண்டாவது வருஷம், வெளி நிறுவனங்கள் நடத்தும் டியூஷனில் 65 சதவீதம் இந்தப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2022 மார்ச்சில் அந்த இலக்கையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். டியூஷன் செலவு முழுவதையும் அரசு தரவில்லை. தந்தது மானியம். 2021-22ல் பள்ளியே நடத்தும் டியூஷனுக்கு 75 சதவீதம், 2022-23ல் 60, 2023-24ல் 50. (கடைசி வருஷத்துக்கு 25 என்றுதான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள்.) மீதியைப் பள்ளி போட வேண்டும்.

2022-23 கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு 18 பவுண்டு, 15 மணி நேரம். மொத்தம் 270. அதில் 60 சதவீதம் 162. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு வந்தது இந்த 162 பவுண்டுதான். பள்ளியின் பங்கு 108.

பட்டியலில் 20 பிள்ளைகள் உள்ள பள்ளி என்றால், அரசு தருவது 3,240, பள்ளி போட வேண்டியது 2,160. எங்காவது தேற்றிவிடலாம்.

200 பிள்ளைகள் என்றால், அரசு தருவது 32,400, பள்ளி போட வேண்டியது 21,600. இது கிட்டத்தட்ட ஒரு முழுநேர உதவி ஆளின் சம்பளம்!

கவனித்தீர்களா? ஏழைப் பிள்ளைகள் அதிகமாக உள்ள பள்ளிக்கு மானியமும் அதிகம், அதை வாங்கக் கட்ட வேண்டிய நுழைவுக் கட்டணமும் அதிகம். கட்ட முடியாவிட்டால் டியூஷனைக் குறைக்க வேண்டியதுதான். செலவாகாத மானியம் அரசுக்கே திரும்பிப் போகும்.

"பியூப்பில் பிரீமியம் பணம் வருதே, அதிலிருந்து போடலாமே?" என்று கேட்கலாம். போடலாம், அரசும் அதைத்தான் சொன்னது. ஆனால் அது புதுப் பணம் இல்லை. அதே பிள்ளைகளுக்காக வேறு வேலைக்கு ஒதுக்கிய பணம். பட்ஜெட் ஓட்டையை அடைக்கவே அதை எடுக்க வேண்டியிருக்கிறது என்று பல தலைமையாசிரியர்கள் சட்டன் டிரஸ்ட் கருத்துக்கணிப்புகளில் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு சின்ன மாற்றம், புரோகிராம் எழுதுபவர்களுக்கு உடனே புரியும். பியூப்பில் பிரீமியத்துக்கு வழக்கமாக ஜனவரி கணக்கெடுப்பை எடுப்பார்கள். 2021-ல் அதற்குப் பதிலாக 2020 அக்டோபர் கணக்கெடுப்பை எடுத்தார்கள். ஒரு தேதி மாற்றம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் வேலை போய், புதிதாக இலவச உணவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதுவும் எந்த வருஷம் பாருங்கள்!

தொகையும் சிறியதுதான். கல்வி மீட்புக்கென்று அரசே நியமித்த சர் கெவன் காலின்ஸ் 1,500 கோடி பவுண்டு கேட்டார். 2021 ஜூனில் கிடைத்தது 140 கோடி. அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

விளைவு என்ன? 11 வயதுப் பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, இரண்டு பிரிவினரின் சராசரி இடத்தையும் ஒப்பிட்டு, கல்வித் துறை ஒரு குறியீடு வெளியிடுகிறது. பூஜ்யம் என்றால் வித்தியாசமே இல்லை. 2019-ல் அது 2.91. 2022-ல் 3.23. முந்தைய பத்து வருஷ முன்னேற்றத்தில் பெரும்பகுதி போய்விட்டது. டியூஷன் திட்டமும் 2024 ஆகஸ்டோடு முடிந்தது.

இதற்கெல்லாம் மானிய ஃபார்முலா ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுவதற்கு எளிதாக இருந்தது அதுதான். பட்டியலில் உள்ள பிள்ளைகள் பாதிக்கு மேல் இருக்கும் பள்ளிகளுக்கு 100 சதவீதம், வசதியான பள்ளிகளுக்குக் குறைவு என்று ஏறுவரிசையில் வைத்திருக்கலாம். தேவையான தரவு எல்லாம் கையிலேயே இருந்தது.

இனி எந்த அரசு இப்படி ஒரு திட்டம் அறிவித்தாலும், மொத்தத் தொகையைத் தாண்டி மூன்று விஷயம் பாருங்கள். எந்தத் தேதியில் எண்ணினார்கள், யாரை அனுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, மீதிப் பணத்தை யார் போடுவது. 2022-ல் 11 வயதில் அந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகள் 2027-ல் பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறார்கள். அவர்களுக்கு அந்த டியூஷன் இனி வராது.