பழைய காரின் பின்னால் ஒரு தட்டல்

கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கார் ஓட்டுவோர்க்குச் சமதரை என்பது அரிய பொருள். கொழும்பை நோக்கிப் புறப்பட்டால் கடுகண்ணாவைக் கணவாய். மகியங்கனை வழியே சென்றால் பெயர் பெற்ற பதினெட்டு வளைவுகள். நுவரெலியாவுக்கு ஏறினால் புசல்லாவையும் இறம்பொடையும். இத்தகைய பாதைகளில் காரின் பின்புறத்திலிருந்து எழும் சிறு ஓசையையும் அலட்சியம் செய்தல் ஆகாது. அது பழைய ஸ்போர்ட்ஸ் காராக இருந்துவிட்டாலோ, சொல்லவே வேண்டியதில்லை.

"இந்தக் காலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் யாரிடம் இருக்கிறது?" என்று வாசகர்கள் வினவலாம். மலைநாட்டில் தேடினால் இன்னும் சில கிடைக்கும். தோட்டத்துத் துரைமார் விட்டுச் சென்றவையும், தகப்பனார் ஆசையாக வாங்கி மகனுக்கு வைத்துப் போனவையும் வீட்டுக் கொட்டகைகளில் துணி போர்த்திக் கிடக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி சுருங்கிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை நம்மவர் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினர். பிறகு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. பழையதைப் பேணும் கலை இந்நாட்டில் அழியாமல் இருப்பதற்கு இவையும் காரணங்கள். அக்கார்களில் பல 'ஸ்ரீ' எழுத்துப் பலகையைத் தாங்கியவை. 1957, 1958ஆம் ஆண்டுகளில் அந்த ஓர் எழுத்து மூட்டிய நெருப்பை நம் மூத்தோர் மறந்திலர். இன்று அதே பலகை பழைய காரின் பெருமைச் சின்னமாகத் துடைத்து மெருகேற்றப்படுகிறது. காலத்தின் விளையாட்டுத்தான்!

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் கார் எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி இது. இதன் பின் அச்சு இரண்டு இலைவில்களின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்த வில்களின் ஆட்டத்தை அடக்க இரு புறமும் ஆம்ஸ்ட்றோங் நிறுவனத்தின் நெம்புகோல் வகை ஷொக் அப்சோபர்கள் உள்ளன. இன்றைய கார்களில் காணும் நீண்ட குழாய் வடிவம் இவற்றுக்கு இல்லை. ஒயில் நிரம்பிய ஓர் உலோகப் பெட்டி. அதிலிருந்து நீளும் ஒரு கை. அக்கையை அச்சுடன் இணைக்கும் ஒரு சிறு தண்டு. சக்கரம் மேலே எழும்போது கை திரும்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டன்கள் ஒயிலைச் சிறிய வால்வு வழியே நெருக்கித் தள்ளுகின்றன. அந்த நெருக்கடியில்தான் ஆட்டம் அடங்குகிறது.

ஷொக் அப்சோபர் என்ற பெயரே சற்று மயக்கம் தருவது. அதிர்ச்சியை ஏற்பது வில். ஏற்றபின் ஊஞ்சல்போல ஓயாது ஆடாமல் பிடித்து நிறுத்துவதே ஷொக்கின் கடமை. அப்படிப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், அது தானே அசையாமல் ஓரிடத்தில் ஊன்றி நிற்க வேண்டும் அன்றோ? எம்.ஜி.பி.யில் அப்பெட்டியை உடற்சட்டத்துடன் பிணைத்து நிறுத்துபவை ஒவ்வொரு பக்கமும் இரண்டே இரண்டு போல்ட்கள். அவை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் நமது பொருள்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். இரண்டு போல்ட்களுக்கும் இடையே ஐந்து சென்ரிமீற்றர் தூரம் என்றும், கையின் நீளம் பதினைந்து சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். போல்ட் துளையில் ஒரு மில்லிமீற்றர் தளர்வு ஏற்பட்டால் கையின் நுனியில் அது மூன்று மில்லிமீற்றராகப் பெருகும். அந்த மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சக்கரம் ஆடும்போது ஷொக் வேலை செய்வதே இல்லை. பெட்டிதான் அசைந்து கொடுக்கிறது. பெரிய பள்ளத்தில் விழும்போது இக்குறை தெரியாது. தாரின் சிறு அலைகளிலும் மழை அரித்த விளிம்புகளிலும்தான் சக்கரம் அடங்காமல் துள்ளும். இறக்கத்தில் பிரேக் போடும்போது காரின் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து பின்பக்கம் ஏற்கெனவே இலேசாகிவிடுகிறது. அந்நிலையில் வளைவில் துள்ளும் பின் அச்சு பக்கவாட்டில் எகிறுவது இயல்பே.

எமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததும் அதுதான். தந்தையார் விட்டுச் சென்ற எம்.ஜி.பி.யில் மகளை ஏற்றிக்கொண்டு மாவனல்லைப் பக்கம் கடுகண்ணாவையில் இறங்கினார். தூறல் மழை, வேகமும் அதிகமில்லை. ஒரு வளைவில் காரின் வால் வெளிப்புறமாக ஒரு முழம் நகர்ந்து, பிறகு தானே திரும்பி வந்தது. எதிரே லொறி எதுவும் வராதது அவர் அதிர்ஷ்டம். அதற்கு முன் ஆறு மாதங்களாகப் பின்னாலிருந்து 'டொக், டொக்' என்ற ஓசை வந்துகொண்டிருந்தது. அவர் திருத்தாமலும் இருக்கவில்லை. இரண்டு ஷொக்குகளையும் கழற்றி, வெளிநாட்டிலிருந்து புதியவற்றை வருவித்து மாட்டியிருந்தார். இரு வாரம் ஓய்ந்த ஓசை மீண்டும் வந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர் காரின் அடியில் கண நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, ஷொக்கக் குத்தம் சொல்லாதீங்க. அது உக்காந்திருக்கிற எடத்தப் பாருங்க." துளைகள் நீள்வட்டமாகிப் போயிருந்தன. புதிய ஷொக்கைப் பழைய புண்ணின்மேல் மாட்டியிருந்தார்கள்.

ஆகவே ஓசை கேட்டதும் பணப்பையைத் திறக்காமல், முதலில் காரின் பின்பெட்டியைத் திறக்க வேண்டும். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சரியாகக் கட்டாத உபரிச் சக்கரமும் ஜக்கும் எழுப்பும் ஓசை ஷொக்கின் ஓசையைப் போலவே இருக்கும். அவற்றை இறக்கி வைத்துவிட்டு அதே பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் பாதி ஐயம் தீரும். கம்பிச் சக்கரம் உள்ள கார்களில் வேறொரு தட்டல் உண்டு. அது பள்ளத்தில் கேட்பதில்லை. காரை எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் ஒரே ஒரு தட்டலாகக் கேட்கும். அது சக்கரத்தின் நடுப்பல் தேய்ந்ததன் அடையாளம். புகைக்குழாய் உடலில் இடித்தாலும் தட்டல் வரலாம். தண்டின் முனையிலுள்ள றப்பர் புஷ் இற்றுப்போனாலும் வரலாம்.

காரின் மூலையைக் கையால் அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை எல்லாரும் அறிவர். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷொக் நல்லது என்பர். அது ஷொக்கின் உள்ளே இருக்கும் ஒயிலைப் பற்றித்தான் சொல்லுமேயன்றி, பிணைப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. பிணைப்பைச் சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் காரை ஆட்ட, மற்றவர் ஷொக்கின் பெட்டியும் சட்டமும் சேரும் கோட்டின்மேல் விரலை வைத்திருக்க வேண்டும். தளர்வு கண்ணுக்குத் தெரியாவிடினும் விரலுக்குத் தெரியும். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருந்தால் ஐயமே வேண்டாம். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து துருவாக உதிர்ந்த பொடி அது.

கண்டியில் இந்த வேலைக்கு முதல் இடையூறு நிலமே. பல வீடுகளின் முற்றம் சரிவானது. சரிவில் ஜக் வைத்துக் காரின்கீழ் நுழைவது தற்கொலைக்கு ஒப்பு. சமதரையான கராஜ் ஒன்றில், உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே உள்ளே செல்ல வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் படுப்பவரை வீட்டார் காலைப் பிடித்து இழுத்தாவது வெளியே கொண்டுவருதல் நலம்.

இரண்டாவது இடையூறு ஸ்பனர். இந்தக் காரின் போல்ட்கள் அங்குல அளவைச் சேர்ந்தவை. பதினாறில் ஒன்பது அங்குலத் தலை 14.29 மில்லிமீற்றர். ஜப்பானியக் கார்களுக்குப் பழகிய கராஜில் 14 எண் ஸ்பனர் நுழையாது. 15 எண் நுழையும், ஆனால் வழுக்கும். வழுக்க வழுக்கத் தலையின் ஆறு மூலைகளும் மழுங்கிப்போகும். உரிய ஸ்பனர் இல்லாத இடத்தில் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது என்பது எமது திடமான கருத்து.

போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டதும் இறுக்கிவிட்டுப் போய்விடலாமா? ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம். மீண்டும் தளர்ந்தால் குற்றம் போல்டினுடையது அன்று. போல்ட் தன் உடலைத் துளையில் முட்டுக்கொடுத்துப் பெட்டியைத் தாங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது இழுவிசையால் இரு முகங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது; அம்முகங்களுக்கு இடையேயுள்ள உராய்வே பெட்டியை நகரவிடாமல் வைத்திருக்கிறது. இடையில் தடித்த பெயின்ற்றும் அடித்தகட்டில் பூசும் தாரும் இருந்தால் அவை நாளடைவில் நசுங்கிக் கொடுக்கும். இழுவிசை குறையும், பெட்டி அசையத் தொடங்கும், அசைவு துளையைத் தின்னும். மலைநாட்டு மழையில் சட்டத்தின் மூலைகளில் தங்கும் ஈரச்சேறு தகட்டை மெலியச் செய்வதும் உண்டு.

எனவே பெட்டியைக் கழற்றி, இரு முகங்களையும் வெறும் உலோகம் தெரியும்வரை துடைத்து, துளைகளைப் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தால் புதிய உயர்வலு போல்ட்களும் புதிய பூட்டு நட்களும் போதும். நீண்டிருந்தால், நல்ல ஒட்டுவேலைக்காரரிடம் துளையை நிரப்பியோ, வலுத்தகடு வைத்தோ, மீண்டும் சரியான அளவில் துளையிட வேண்டும். வாஷர்களை அடுக்கி மறைப்பது வீண். தகடு துருவால் உதிர்ந்தால், பக்கத்திலுள்ள இலைவில்லின் பிணைப்பிடத்தையும் தட்டிப் பார்த்தாக வேண்டும். அதைத் தவிர்த்தால் அடுத்த ஆபத்து அங்கிருந்து வரும்.

கழற்றிய பெட்டியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். சாய்த்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். மாட்டுமுன் கையைப் பலமுறை முழு அளவுக்கு மேலும் கீழும் அசைத்தால் காற்று நீங்கி, எதிர்ப்பு ஒரே சீராக இருக்கும். ஒயில் விடும் மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் வால்வைக் கெடுக்கப் போதும். இறுக்கும்போது கைப்பலத்தை நம்பாது, பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு அளவு காட்டும் ஸ்பனரால் இறுக்குதல் வேண்டும்.

இறுக்கியபின் போல்ட் தலையிலிருந்து பெட்டிவரை ஒரு மெல்லிய பெயின்ற் கோடு இழுத்துவிடுக. இல்லத்தரசியின் நகப்பூச்சு இதற்கு மிகப் பொருத்தம். அனுமதி கேட்டு எடுப்பது நல்லது! போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு முறிந்து காட்டும். நூறு மைல் ஓடியபின் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு சர்வீசின்போதும் அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய நெம்புகோல் ஷொக்கை எடுத்துவிட்டுக் குழாய் வடிவத்தை மாட்ட விற்கப்படும் மாற்றுத் தொகுதிகளைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். நல்லவையே; ஆயினும் அவற்றின் பிடிகள் பெரும்பாலும் அதே பழைய துளைகளில்தான் பூட்டப்படுகின்றன. துளை கெட்டிருக்க, புதியது வாங்கி எம் நண்பரைப்போல் இருமுறை செலவழிக்க வேண்டாம். பழைய வகையையே வருவிப்பவர்கள் இடது, வலது எனத் தெளிவாக எழுதி அனுப்புக, இரண்டும் ஒன்றல்ல.