வீட்டுக்குக் கூட்டிப்போவதற்கு முன்

முற்றிய நோயோடு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் வீடு திரும்புவது நம் ஊரில் இரண்டு விதமாக நடக்கிறது. கையிலிருந்த பணம் தீர்ந்திருக்கும், டாக்டர்களும் கைவிரித்திருப்பார்கள். மருத்துவர் சொல்லை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, கையால் அமுக்கும் பையில் காற்று கொடுத்தபடியே ஆம்புலன்ஸ் ஊருக்குப் போகும். வாசலில் இறக்கியதும் குழாயை எடுத்துவிட்டு வண்டி திரும்பிவிடும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து இருக்காது. ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இது ஒரு விதம்.

இன்னொரு விதம் அபூர்வம். நோயைக் குணமாக்க இனி வழியில்லை என்பது சில வாரங்கள் முன்பே பேசப்பட்டிருக்கும். எங்கே இருக்க ஆசை என்று நோயாளியையே கேட்டிருப்பார்கள். மாத்திரையும் ஊசியும் நர்ஸின் போன் நம்பரும் வந்து சேர்ந்த பிறகு அவர் வீட்டுக்கு வருவார். பதிவேட்டில் இரண்டுமே வீட்டில் நேர்ந்த மரணங்கள்தான். ஆனால் முதலாவதை நான் கைவிடுதல் என்றே சொல்வேன். இரண்டாவது நடக்க என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இது கருணைக்கொலை பற்றிய பேச்சு அல்ல. தென் மாவட்டங்கள் சிலவற்றில் முதியவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து முடித்துவிடும் வழக்கம் இருந்ததால், ‘வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்’ என்ற சொல்லையே சந்தேகத்தோடு கேட்பவர்கள் உண்டு. தலைக்கூத்தல் எனப்படும் அந்த வழக்கம் கொலை. நாம் பேசப்போகும் நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) சாவை விரட்டி வரவழைப்பதும் இல்லை, வம்படியாக இழுத்தடிப்பதும் இல்லை. இருக்கும் நாட்களில் வலி, மூச்சுத்திணறல், பயம் ஆகியவற்றைக் குறைக்கிறது.

எல்லாம் தொடங்குவது கேட்பதில். அங்கேதான் நாம் முதலில் சறுக்குகிறோம். “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மகன் கெஞ்சுவான். நோயாளியோ தனக்குத் தெரிந்துவிட்டது என்பதைப் பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாமல் இருப்பார். அன்பினால் நடக்கும் இந்த நாடகத்தில் அவருடைய விருப்பத்தைக் கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது. எங்கே சாக விரும்புகிறீர்கள் என்று நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. “உடம்பு இன்னும் முடியாமப் போனா மறுபடி ஆஸ்பத்திரிக்கே போகலாமா, இல்ல வீட்லயே டாக்டர், நர்ஸ வரவச்சுப் பாத்துக்கலாமா?” என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் பலருக்கும் கஷ்டம்.

வீடு என்றே பதில் வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மகள் வீட்டில் உயிர் போகக் கூடாது என்று சிலர் நினைப்பார்கள். மருமகள் கையால் மலம் அள்ளவைப்பதை நினைத்தே கூசுபவர்கள் உண்டு. நகரத்தில் மகனோடு இருப்பவர் சொந்த ஊர்த் திண்ணையைக் கேட்கலாம். அங்கே மூடிக் கிடக்கும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வலி அதிகமாக இருப்பவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் இருப்பதே நிம்மதி என்பார். அதுவும் சரியான பதில்தான். பதில் மாறவும் மாறும். ஒரு மாதம் முன்பு வீடு என்றவர் இப்போது வேண்டாம் என்றால், அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே என்று வாதிடக் கூடாது.

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்றும் உண்டு, ஹாஸ்பிஸ் எனப்படும் இல்லம். சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம்தான் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. மும்பையில் 1986 முதல் சாந்தி அவேதனா நடக்கிறது. சென்னையில் புற்றுநோயாளிகளுக்காக ஜீவோதயா இருக்கிறது. தேவையோடு ஒப்பிட்டால் நாட்டில் இப்படிப்பட்ட படுக்கைகள் மிகக் குறைவு. ஆகவே பெரும்பாலோருக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவதே நடக்கக்கூடிய வழி.

வீட்டில் கவனிப்புக் குழு வந்து போனால், நோயாளி வீட்டிலேயே இறக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது என்று 2013இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் சீக்கிரம் போய்விடுவாரோ என்ற பயம் இருக்கிறதே, அதற்கு ஜப்பானில் முற்றிய புற்றுநோயாளிகள் 2,069 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். வீட்டில் இறந்தவர்களின் ஆயுள் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. சில நாட்களோ சில வாரங்களோதான் என்று கணிக்கப்பட்டவர்களில் வீட்டில் இருந்தவர்கள் சற்று அதிகமாகவே வாழ்ந்திருந்தார்கள். வீடு ஆயுளைக் கூட்டும் என்று இதற்கு அர்த்தம் கொள்ள முடியாது. குறைக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கவனிப்புக் குழுவுக்கு எங்கே போவது? இந்த விஷயத்தில் நாடு முழுவதும் கேரளத்தைத்தான் பார்க்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கிய சிறு அமைப்பு, பயிற்சி பெற்ற தொண்டர்களும் நர்ஸுகளும் வீடு வீடாகப் போகும் முறையாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்றால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பே வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

குழுவுக்கு அடுத்தபடி மருந்து. மருந்து என்றால் முதலில் மார்ஃபின். சட்டப்படி அபினி விளைவிக்கும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் மார்ஃபின் நம் நோயாளிக்குக் கிடைக்காமல் பல காலம் போயிற்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைக்கவே பல உரிமங்கள் கேட்டது. சின்னத் தவறுக்கும் கடும் தண்டனை என்பதால் மருந்துக்கடைகள் ஒதுங்கிக்கொண்டன. 2014இல் வந்த திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது. இன்றைக்கும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. எந்த மையத்தில் கிடைக்கும், கையிருப்பு எத்தனை நாளைக்கு என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ஃபின் என்றதும் குடும்பத்தில் யாராவது ஒருவர், ‘அது கடைசி மருந்தாச்சே’ என்பார். டாக்டர் சொன்ன அளவில் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால் அது ஆளைக் கொல்லாது. முதல் சில நாட்கள் தூக்கம் தட்டும், குமட்டல் வரலாம், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. ஆகவே பேதி மருந்தும் கூடவே எழுதித் தர வேண்டும், தராவிட்டால் கேட்க வேண்டும். சாதாரண மாத்திரையை நான்கு மணிக்கொரு தரம், வலி வருவதற்கு முன்பே கொடுப்பதுதான் முறை. நடுவில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி டோஸ் உண்டு. மூச்சுத்திணறலையும் இதே மருந்து தணிக்கும். விழுங்க முடியாமல் போகும் நாள் வரும்; அப்போது தோலுக்கடியில் சின்ன ஊசி பொருத்தி அதன் வழியாகக் கொடுக்கலாம். வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் நர்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மற்ற சாமான்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட், இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப்போட ஆள், யூரின் பை, டயாபர். கட்டில் உள்ளறையில் வேண்டுமா, டிவி தெரியும் கூடத்தில் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும். வாய், கழுத்துப் புற்றுநோயில் திடீரென ரத்தம் கொட்டக்கூடும். அடர்நிறத் துண்டுகளை எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்வார்கள். வெள்ளைத் துண்டில் ரத்தம் பார்ப்பவர்களைக் குலைத்துப்போடும்.

ஆளைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. “எங்கம்மாவை வீட்லயே வச்சுப் பார்த்தோம்” என்று பெருமையாகச் சொல்லும் அண்ணன் தம்பிகளின் வீட்டில், ராத்திரி கண் விழித்தது யார் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். முழுப் பாரமும் ஒரே பெண்ணின் மேல் விழுந்தால் சில வாரங்களில் அவர் உடைந்துபோவார், நோயாளி மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். ராத்திரி முறை வைத்துக்கொள்வதும் வார இறுதியில் வேறொருவர் வந்து மாற்றிவிடுவதும் மருந்துக்குச் சமமான ஏற்பாடுகள். வேலைக்கு ஆள் வைக்க வசதியுள்ளவர்களும் அந்த ஆளிடம் நிலைமையைச் சொல்லியே வைக்க வேண்டும்.

கடைசி நாட்களில் உடம்பு என்ன செய்யும் என்பது தெரியாததால்தான் பாதி வீடுகளில் திட்டம் கவிழ்கிறது. முதலில் தூக்கம் கூடும், சாப்பாடு குறையும், பிறகு நின்றேவிடும். பசியில் சாகவிடுகிறோமோ என்று குடும்பம் துடிக்கும். உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால் பசி எடுப்பதில்லை என்பதே உண்மை. குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருவதற்குப் பதிலாக நீர் கோத்துக்கொண்டு சளி கூடக்கூடும். ஈரத்துணியால் வாயை நனைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவரின் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்த் திணறுவார். உதடு நனைய ஒரு சொட்டு வைத்தாலே சடங்கு நிறைவேறிவிடும்.

தொண்டையில் சளி கரகரக்கும் சத்தம்தான் கேட்பவர்களை அதிகம் பயமுறுத்துவது. மயக்கத்தில் இருக்கும் அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், சுரப்பைக் குறைக்க ஊசியும் உண்டு. மூச்சு சில வினாடிகள் நின்று பின் வேகமாகத் தொடங்கும். கை கால் சில்லிடும், பாதத்தில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றும். சிலர் கடைசியில் பிதற்றுவார்கள், படுக்கையைப் பிய்ப்பார்கள்; அதற்கும் மருந்து இருக்கிறது, முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால். காது கேட்கும் என்றே எண்ணிப் பேசுங்கள். கட்டிலைச் சுற்றி நின்று நிலத்தகராறு பேசும் சொந்தங்களை வெளியே அனுப்புவதும் ஒரு சிகிச்சைதான்.

இத்தனை செய்தும், நடு இரவில் மூச்சு மாறும்போது யாரோ ஒருவர் 108ஐக் கூப்பிட்டுவிடுவார். அதுவும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் வெளியூரிலிருந்து வந்திறங்கிய உறவினராக இருப்பார். ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் தப்பில்லை. உயிரைக் காப்பாற்றி ஆஸ்பத்திரி சேர்ப்பது அவர்கள் வேலை. அங்கே நெஞ்சை அமுக்குவார்கள், குழாய் போடுவார்கள், ஐசியுவில் சேர்ப்பார்கள். நோயாளி வேண்டாம் என்று சொன்ன அத்தனையும் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். ஆகவே 108க்கு முன் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நோய் என்ன, என்ன முடிவு எடுத்திருக்கிறோம் என்று டாக்டர் கையெழுத்திட்ட கடிதம் பக்கத்திலேயே இருக்கட்டும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு இதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவது, எத்தனை சங்கடமானாலும், அவசியம்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா? இல்லை. நினைவு தெளிவாக உள்ளவர் எந்தச் சிகிச்சையையும் தனக்கு வேண்டாம் எனலாம். நினைவு தப்பிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் ஏற்றது. மாஜிஸ்திரேட் ஒப்பம் வேண்டும் என்று அப்போது சொன்னதால் அது ஏட்டளவில் நின்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள்: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, தன் சார்பில் முடிவெடுப்பவரின் பெயர், அவ்வளவுதான். ஐசியுவில் ஏற்கெனவே பொருத்திய கருவியை எடுக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும் என்ற விதி இன்னும் உண்டு. இதயத்துடிப்பு நின்றுபோனால் நெஞ்சை அமுக்க வேண்டாம் என்ற முடிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டிலேயே பராமரிக்க இந்தப் பத்திரம் எதுவும் கட்டாயமில்லை. ஆனாலும் ஐசியு வாசலில் அண்ணன் தம்பி சண்டையைத் தவிர்க்க அது உதவும்.

உயிர் பிரிந்தபின் போலீசுக்குச் சொல்ல வேண்டுமோ என்று பலர் பதறுகிறார்கள். எதிர்பார்த்த, நோயால் வந்த இயற்கை மரணத்துக்கு அது தேவையில்லை. கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் இறப்புக்கான காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. யார் எழுதித் தருவார்கள் என்பதை நோயாளி உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைக்காவிட்டால், அந்த அதிகாலையில் டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.