உருகும்போது உறுதியாகும் வலிமை

இரண்டு நெகிழிகளை உருக்கிச் சேர்த்தால் இரண்டின் நற்பண்புகளும் ஒரே பொருளில் தாமாகவே கூடிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பலபடிகள் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன நெகிழிகளில் பாலிஸ்டைரீன், பாலிஃபினிலீன் ஆக்சைடு போன்ற சில இணைகளைத் தவிர, பெரும்பாலானவை ஒன்றில் ஒன்று கரைவதில்லை. அவற்றில் ஒன்று தொடர்ச்சியான பரப்பாகவும் மற்றொன்று அதனுள் சிதறிய நுண்துளிகளாகவும் அமைகின்றன. இத்துளிகளின் அளவையும் பிடிப்பையும் பொறுத்தே கலவையின் வலிமை அமைவதால், சேர்மானத்தின் விகிதத்தைப் போலவே அது பதப்படுத்தப்படும் விதமும் முதன்மை பெறுகிறது.

நைலானும் ரப்பரும் சேர்ந்த கலவை இதற்குத் தெளிவான சான்றாகும். உலர்ந்த நைலானில் கீறல் விழுந்தால் சிறு அடியிலேயே அது பிளந்துவிடும். ரப்பர் துளிகள் அந்தக் குறையைப் போக்குகின்றன. டியூபான்ட் நிறுவன ஆய்வாளர் சௌஹெங் வூ, அடுத்தடுத்த ரப்பர் துளிகளுக்கு இடையே உள்ள நைலான் சுவரின் தடிமன் ஏறத்தாழ 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே இறங்கும்போதுதான் கலவை அடிதாங்கும் தன்மையைப் பெறுகிறது என்று 1985இல் எடுத்துக்காட்டினார். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரப்பரின் அளவு மாறாமல் இருக்க, துளிகள் சிறுத்தால் அவற்றின் எண்ணிக்கை பெருகிச் சுவர்கள் மெலிகின்றன. மெலிந்த சுவர் பிளவுபடாமல் நெளிந்து அடியின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது.

துளிகளைச் சிறிதாக்குவது எக்ஸ்ட்ரூடர் எனப்படும் திருகு எந்திரத்தின் வேலை. பாயும் உருகல் துளியை இழுத்துக் கிழிக்க முயல, இரு பொருள்களின் எல்லையில் செயல்படும் இடைப்பரப்பு இழுவிசை அதை உருண்டையாகவே வைத்திருக்க முயல்கிறது என்பதை இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1934இல் விளக்கினார். துளியின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, சுற்றியுள்ள உருகலைவிட ஏறத்தாழ நான்கு மடங்குக்கு மேல் இருந்தால், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் வெறும் சறுக்கு ஓட்டத்தில் துளி உடையாமல் சுழன்றுகொண்டே இருக்கும். வெப்பநிலை ஒவ்வொரு பலபடியின் பாகுநிலையையும் வெவ்வேறு அளவில் குறைப்பதால், சில பாகை மாற்றம்கூடத் துளியின் அளவை மாற்றக்கூடும். திருகின் வேகத்தைக் கூட்டினால் கிழிக்கும் விசை மிகும் என்றாலும், உராய்வு வெப்பத்தால் உருகல் இளகி, மூலக்கூறுச் சங்கிலிகளும் அறுபடத் தொடங்குகின்றன. உடைந்த துளிகள் மீண்டும் ஒன்றுசேராதிருக்க, மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஒட்டவைக்கப்பட்ட ரப்பர் சேர்க்கப்படுகிறது. அது நைலான் சங்கிலியின் முனையோடு வினைபுரிந்து இரு பொருள்களையும் பிணைக்கிறது.

வாகன உட்பாகங்களுக்கும் கணினி உறைகளுக்கும் பயன்படும் பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். ஆகிய நெகிழிகளின் கலவையில் ஈரமே பெரும் பகை. ஈரம் 0.02 விழுக்காட்டுக்கும் கீழே வரும்வரை உலர்த்தாமல் 250 பாகை செல்சியஸ் அளவில் உருக்கினால், நீர் பாலிகார்பனேட் சங்கிலிகளைத் துண்டித்துவிடுகிறது. அளவுமீறிச் சூடேற்றினாலோ ஏ.பி.எஸ்.ஸில் உள்ள ரப்பர் சிதைகிறது.

வார்ப்பு அச்சுக்குள் நுழைந்த பின்னும் மாற்றம் தொடர்கிறது. குளிர்ந்த சுவரைத் தொடும் உருகல், நீண்ட துளிகளோடு அப்படியே உறைகிறது. நடுப்பகுதியோ மெல்ல ஆறுவதால், அங்குள்ள துளிகள் மீண்டும் உருண்டையாகின்றன. இரு உருகல் முகங்கள் சந்திக்கும் இணைவுக் கோடு பெரும்பாலும் பொருளின் மிகப் பலவீனமான இடமாகிறது. சூடான அச்சில் நைலானின் படிகத்தன்மை கூடி விறைப்பு உயர, அடிதாங்கும் திறன் குறையக்கூடும்.

ஆகவே நெகிழியின் விவரத்தாளில் அச்சிடப்பட்ட வலிமை, முறையாக உலர்த்தி, முறையாக வார்த்த சோதனைத் துண்டின் வலிமையே. மறுசுழற்சியில் பலவகை நெகிழிகள் ஒன்றாகி, ஒவ்வொரு உருக்கத்திலும் சங்கிலிகள் குறுகிவரும் இக்காலத்தில் இந்த அறிவின் தேவை இன்னும் மிகுகிறது. உடைந்த பொருளைத் தரமற்றதென ஒதுக்கும் முன், அது எப்படி உலர்ந்தது, எந்தச் சூட்டில் உருகியது, எவ்வாறு ஆறியது என்று கேட்பதே அடுத்த பொருளை உடையாமல் காக்கும் வழி.