புதிய நாய்க்குட்டிக்கு முதல் வாரமே முக்கியம்: வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

திருப்பதி: தாயைப் பிரிந்து புதிய வீட்டுக்கு வரும் நாய்க்குட்டி முதல் சில இரவுகளில் அழுவது இயல்பு. அதனை அதட்டுவதும் தனியறையில் பூட்டுவதும் அச்சத்தையே வளர்க்கும். வீட்டினர் உறங்கும் இடத்துக்கு அருகே படுக்கை அமைத்து, தாயின் வாசனை படிந்த துணியை வைத்தால் குட்டி அமைதியடையும்.

8 வாரங்கள் நிறைவடையாத குட்டிகளை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை விதிக்கின்றன. மிக இளம் வயதில் பிரிக்கப்படும் குட்டிகளிடம் அச்சமும் கடிக்கும் பழக்கமும் அதிகரிக்கக்கூடும்.

உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம். பழைய உணவுடன் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும்.

வாந்தி, சோர்வு, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஆகியவை பார்வோ வைரஸ் தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். சிகிச்சை தாமதித்தால் உயிரிழப்பு நேரிடும். இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் நீடிக்கும் என்பதால், தடுப்பூசித் தவணைகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் செலுத்த வேண்டும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கோடை வெயிலில், மூடிய காரில் சில நிமிடங்கள் விடுவதும் ஆபத்தாகும். திருப்பதியில் 1955இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, தற்போது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது.